பழைய கணினிக்குப் புதிய முகப்பு

ஏ-9 வீதியிலிருந்து மேற்கே துணுக்காய்ப் பக்கமாகவோ கிழக்கே ஒட்டுசுட்டான் பக்கமாகவோ சில கட்டை தூரம் உள்ளே சென்றால், வழியிலுள்ள பாடசாலைகள் பலவற்றில் ஓர் அறை பூட்டிக் கிடப்பதைக் காணலாம். கதவின் மேலே 'கணினி அறை' என்று அழகாக எழுதப்பட்டிருக்கும். யன்னல் வழியே எட்டிப் பார்த்தால், பூவேலை செய்த துணி போர்த்திய பெட்டிகள் வரிசையாக வீற்றிருக்கும். அவை பழுதாகிவிட்டனவா என்று வினவினால், "பழுதொன்றுமில்லை, ஒன்றைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வரலாம், அவ்வளவு மந்தம். புதியவை வரும்வரை மூடி வைத்திருக்கிறோம்" என்று விடை வரும்.

புதியவை எப்பொழுது வரும்? 2022 ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. அந்நாள் தொட்டுக் கணினியின் விலை சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. இதற்கிடையில், 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் மைக்ரோசொப்ற் நிறுவனம் தனது விண்டோஸ் 10 க்கு வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. மேலும் ஓராண்டுக்கு நீடிக்கும் ஏற்பாடொன்று செய்யப்பட்டதெனினும் அது நாள் கடத்தும் வழியேயன்றித் தீர்வன்று. அடுத்துள்ள விண்டோஸ் 11 க்கு மாறலாமென்றால், ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்திய பெட்டிகளை அது பெரும்பாலும் வாசலிலேயே மறித்துவிடுகிறது. நல்ல உடம்போடிருக்கும் பெட்டிகள் குப்பைக்குப் போகும் காலம் இது.

போரின் கடைசி மாதங்களில், 2009 இல், வன்னிப் பாடசாலைகள் தம் தளபாடங்களையும் பெட்டிகளையும் இழந்து நின்றன. அதன்பின் வந்தவற்றுட் பல நன்கொடைகள்; கொழும்பு அலுவலகங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் ஒரு சுற்றுப் பாவித்து விட்டவை. வரும்போதே நடுவயது கடந்து வந்த இவற்றை மூடி வைப்பதா, வேலை வாங்குவதா என்பதே கேள்வி. வேலை வாங்கலாம் என்பதும், அதற்குப் பெட்டியை மாற்றவேண்டியதில்லை, அதன் முகப்பை மாற்றினாற் போதும் என்பதுமே எமது கட்சி.

முகப்பு என்பது என்ன?

நமது பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். வருபவர் காண்பது விறாந்தையை. அடுப்பும் கிணறும் நெற்கூடையும் உள்ளே மறைந்திருக்கும். கணினியிலும் அப்படியே. கோப்புகளைக் காப்பதும் நினைவகத்தைப் பங்கிடுவதும் அச்சுப்பொறியோடு பேசுவதும் பணிசெயல் முறைமையின் உள்வீட்டு வேலைகள். படங்களும் பட்டியல்களும் சாளரங்களுமாக நம் கண்முன் விரிவது டெஸ்க்டொப் எனப்படும் முகப்பு. விறாந்தையைச் சலவைக்கல்லால் அலங்கரிக்க அலங்கரிக்க வீட்டுக்காரரின் பணம் கரைவது போல, முகப்பு மினுமினுக்க மினுமினுக்கக் கணினியின் நினைவகம் கரைகிறது. மந்தத்தின் இரகசியத்திற் பெரும்பங்கு இதுதான்.

இந்த முகப்பு ஆதியில் இருந்ததன்று. கறுப்புத் திரையிற் கட்டளைகளைத் தட்டெழுதிக் காத்திருந்ததே பழைய வழக்கம். 1973 இல் கலிபோர்னியாவிலுள்ள ஸெரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் 'ஆல்ரோ' என்ற கணினியிற் சுட்டியையும் சாளரத்தையும் ஒன்றுசேர்த்தனர். 1984 இல் அப்பிளின் மக்கின்ரொஷ் அதனை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசொப்ற்றின் முதல் விண்டோஸ் 1985 இல் வெளிவந்து, 1990 இன் மூன்றாம் பதிப்பின் பின்னரே வெற்றி கண்டது.

1992 இல் வந்த விண்டோஸ் 3.1 ஐ இங்கே சற்று நின்று நோக்குதல் தகும். அதன் முகப்புக்குப் 'புரோகிராம் மனேஜர்' என்று பெயர். எந்த முகப்பைக் காட்டவேண்டும் என்பது 'சிஸ்டம்.இனி' என்ற கோப்பில் ஒரேயொரு வரியாக எழுதப்பட்டிருந்தது. ('இனி' என்பது தமிழ்ச் சொல்லன்று, ஆயினும் இனிமேல் எப்படி நடக்கவேண்டுமென்று சொல்லும் கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.) அந்த வரியில் வேறொரு முகப்பின் பெயரை எழுதி, பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டால், திரையின் முகமே மாறிவிடும். 1995 ஓகஸ்ற்றில் விண்டோஸ் 95 வந்தபொழுது, 4 மெகாபைற் நினைவகம் போதுமென்று நிறுவனத்தார் அறிவித்தாலும், அந்த அளவில் அது தவழ்ந்தே நடந்தது. புதுப்பெட்டி வாங்க வசதியில்லாதோருக்காக லி-சின் ஹுவாங் என்பவர் 'கல்மிரா' என்றொரு முகப்பை எழுதி இலவசமாக வெளியிட்டார். பழைய விண்டோஸ் 3.1 மீது அதை ஏற்றினால், விண்டோஸ் 95 இனது போன்ற பணிப்பட்டையும் தொடக்கப் பொத்தானும் வந்துவிடும். உள்வீடு பழையபடியே இருக்கும். பழைய கணினிகளைப் பேணுவதிற் பிரியமுள்ளோர் இன்றும் அதனை நிறுவி மகிழ்கின்றனர்.

அந்த ஆண்டில் வன்னியிற் கல்மிராவைப் பற்றிக் கேட்க யாருக்கு நேரமிருந்தது! வவுனியா நகருக்கு வடக்கே 1990 முதல் மின்சாரமே இல்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுப் பெயர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்துகொண்டிருந்தனர். மின்கலம் வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கிலே பிள்ளைகள் படித்தனர். சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, அதன் டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். மோட்டார் சைக்கிளைச் சிறிது பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். இயந்திரத்தின் உள்ளதைக் கொண்டே புதியதொரு வேலையை வாங்கும் வித்தை இம்மண்ணுக்குப் புதிதன்று. அந்த வித்தை கணினி அறையின் பூட்டுக்கு முன்னால் மட்டும் தயங்கி நிற்பானேன்?

எதை ஏற்றுவது?

விண்டோஸில் ஒரு வரியை மாற்றிச் செய்ததை, லினக்ஸ் முறைமை இயல்பாகவே அனுமதிக்கிறது. 1991 இற் பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் தொடக்கிய இம்முறைமையில் உள்வீடு வேறு, விறாந்தை வேறு. ஒரே வீட்டுக்கு விரும்பிய விறாந்தையைப் பூட்டலாம். கே.டி.ஈ., க்னோம் என்பன அகலமும் அலங்காரமும் உள்ளவை. எக்ஸ்.எப்.சி.ஈ. என்பது 1996 இல் ஒலிவியே பூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய எளிய முகப்பு. எல்.எக்ஸ்.கியூ.ரி. அதைப் போன்றே இலேசானது. எமது விருப்பம் எக்ஸ்.எப்.சி.ஈ. மீது, அது விண்டோஸ் பழகிய ஆசிரியரையும் திகைக்க வைப்பதில்லை.

நினைவகம் 2 ஜிகாபைற் இருந்தால் டெபியன் என்ற லினக்ஸை எக்ஸ்.எப்.சி.ஈ. முகப்போடு தாராளமாக ஏற்றலாம். 1 ஜிகாபைற்றிலும் அது ஓடும். இணைய உலாவியைத் திறக்கும்போதுதான் மூச்சு வாங்கும். அதற்கும் குறைந்த பெட்டிகளுக்கு 'அன்ரிக்ஸ்', 'பப்பி' என்ற லினக்ஸ் வகைகள் உண்டு. பப்பி என்றால் நாய்க்குட்டி. 2003 இல் அவுஸ்திரேலியர் பரி கோலர் உருவாக்கிய இக்குட்டி, முழுவதும் நினைவகத்திலேயே ஏறிப் படுத்துக்கொள்வதால் பழுதான வன்தட்டுள்ள பெட்டியிலும் ஓடித் திரியும்.

ஒரு செய்தியை முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல் நன்று. 2025 ஓகஸ்ற்றில் வெளிவந்த டெபியன் 13 ஆம் பதிப்பு, 32 பிற் முறைவழியாக்கி மாத்திரம் உள்ள பழம்பெட்டிகளில் நிறுவ முடியாதது. பென்ரியம் காலத்துப் பெட்டிகள் பல இவ்வகையின. அவற்றுக்கு அன்ரிக்ஸே கதி. 'கோர் 2 டியூவோ' என்ற ஒட்டுச்சீட்டு முகத்தில் இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. அவை 64 பிற்.

முதலிற் செய்யவேண்டியது மென்பொருள் வேலையன்று, தூரிகை வேலை. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தால் வன்னிச் செம்மண்ணின் ஒரு படை உள்ளே படிந்திருக்கும். பல்லி முட்டைகளும் எறும்புப் புற்றும் கண்டதுண்டு. காற்றாடியைத் துப்புரவு செய்ததும் பாதி மந்தம் அகன்ற பெட்டிகளும் உண்டு. அப்படியே தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ற் மின்கலத்தை மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் கணினி ஒவ்வொரு நாளும் பழைய திகதியிற் கண்விழிக்கும். திகதி பிழைத்தால் இணையத்தளங்கள் தம் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கதவடைக்கும். இச்சிறு மின்கலத்தின் குற்றத்துக்காகப் பெட்டியையே கழித்தவர்களை நாம் அறிவோம். கையிற் சிறிது பணமிருந்தால், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகச் சிறியதொரு எஸ்.எஸ்.டி. தட்டைப் பூட்டுவது வேறெந்தச் செலவிலும் மேலான பலன் தரும்.

அடுத்து, நிறுவற் கோப்பை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். இது சில ஜிகாபைற் வரை போகும். கிராமத்து இணைப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியே இறக்கிப் பணத்தைக் கரைக்கத் தேவையில்லை. ஒருவர் இறக்கிப் பத்துப் பாடசாலைக்குப் பென்டிரைவிற் கொடுக்கலாம். சட்டம் அதற்கு இடந்தருகிறது. ரூபஸ் போன்றதொரு செயலியால் அதைப் பென்டிரைவில் எழுதி, கணினி விழிக்கும்போதே எப் 12 அல்லது எஸ்கேப் சாவியை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று அது கேட்கும். பென்டிரைவைத் தெரிவு செய்யுங்கள். லினக்ஸின் அரிய குணமொன்று இங்கே வெளிப்படும்: 'லைவ்' என்ற வகைக் கோப்பாயின், வன்தட்டைத் தொடாமலே முகப்பு திரையில் விரிந்துவிடும். ஒலி வருகிறதா, வலையமைப்பு இணைகிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று ஓட்டிப் பார்த்த பின்னரே நிறுவலாம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் கிடைக்காத சலுகை இது!

நிறுவும்போது 'தட்டு முழுவதையும் பயன்படுத்து' என்ற வினா வரும். சம்மதித்தால் பழையவை யாவும் அழியும். மாணவர் பதிவேடுகள், பரிசளிப்பு விழாப் படங்கள், வினாத்தாள்கள் ஆகியவற்றை முன்னரே வேறிடத்திற் பிரதி செய்துகொள்க. பழைய விண்டோஸும் வேண்டுமானால், அருகருகே இரண்டையும் வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

பாடசாலைக் கணினிகளைப் பிடித்த மற்றொரு வியாதிக்கும் இதனால் விடிவு கிடைக்கிறது. மாணவர் கொண்டுவரும் பென்டிரைவிற் கோப்புறைகள் மறைந்து, அவற்றின் போலிக் குறுக்குவழிகள் மட்டும் தோன்றும் வைரசைக் காணாத ஆசிரியர் இலர். விண்டோஸுக்கென எழுதப்பட்ட அந்தக் கிருமி லினக்ஸிற் கிடந்தாலும் எழும்பி நடமாடாது.

தமிழ் பேசும் திரை

எம்மை இவ்வேலையில் இழுத்துவிட்டது வேகமன்று, தமிழ். நமது பிள்ளைகள் தகவற் தொழினுட்பத்தைத் தமிழ் மொழியிலேயே கற்கின்றனர். பரீட்சையையும் தமிழில் எழுதுகின்றனர். ஆனால் அவர்கள் தொடும் திரை ஆங்கிலம். 2000 ஆம் ஆண்டளவிலேயே பல நாடுகளிற் பரந்திருந்த தமிழ் ஆர்வலர், ஊதியம் பெறாமல், கே.டி.ஈ. முகப்பைத் தமிழாக்கத் தொடங்கினர். பின்னர் ஏனைய முகப்புகளும் தமிழ் கற்றன. டெபியனின் வரைவியல் நிறுவலில் மொழிப் பட்டியலிலே தமிழைத் தெரிவு செய்து, நாட்டுக்கு இலங்கையைக் காட்டினால், நிறுவும் வினாக்களே தமிழில் வரும்.

இங்கேதான் ஒரு சிக்கல். தமிழாக்கிய அன்பர்களிற் பலர் தமிழகத்துச் சொற்களைக் கையாண்டுள்ளனர். நமது பாடநூலோ வேறு சொல் சொல்லும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி திரையையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எம்மிடம் கேட்டாள்: "சேர், இதில விசைப்பலகை எண்டு கிடக்கு, புத்தகத்தில சாவிப்பலகை. எது சரி?" இரண்டும் சரியென்றும், பரீட்சையில் மாத்திரம் புத்தகத்தின் சொல்லையே எழுதவேண்டுமென்றும் சொன்னோம். அவள் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. நாம் 'பணிசெயல் முறைமை' என்பதை அங்கே 'இயங்குதளம்' என்பர். இவ்வேறுபாட்டைக் காட்டித் தமிழ் முகப்பே வேண்டாமென்று தள்ளுவோர் உளர். நாம் உடன்படோம். ஒரு பொருளுக்கு இரண்டு தமிழ்ப் பெயர் தெரிந்த பிள்ளை, ஒன்றும் தெரியாத பிள்ளையினும் மேல். அத்துடன் இம்மொழிபெயர்ப்பு யாரும் சேர்ந்து திருத்தத்தக்கது. 'தமிழ் – இலங்கை' என்று தனியானதொரு மொழியமைப்பே லினக்ஸில் உண்டு. அதை நிரப்பும் பொறுப்பு யாருடையது? 2021 ஓகஸ்ற் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் கணினி கற்கும் நம் இளைஞர்கள் விரும்பினால், ஒரு விடுமுறையில் இதிற் கணிசமான பகுதியைச் செய்து முடிக்கலாம்.

எழுதுவதற்கும் வசதியுண்டு. தட்டச்சுப் பொறிக்குப் பழகிய கைகளுக்கு இலங்கையில் வழங்கும் ரங்கநாதன் சாவி ஒழுங்கும், புதியவர்க்குத் 'தமிழ் 99' ஒழுங்கும் லினக்ஸிற் கிடைக்கின்றன. பழைய பாமினி எழுத்துருவிற் தட்டெழுதிய கடிதங்களை என் செய்வது என்பார் சிலர். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடமிட்டதொரு முறை. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து, 'அம்மா' என்ற சொல்லே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அக்கடிதங்களை மாற்றிச் செயலிகளால் யுனிக்கோட்டுக்கு மாற்றி வைத்துக்கொள்வதே முறை. என்றோ ஒருநாள் செய்தேயாகவேண்டிய வேலை அது.

இனி, எதிர்பார்க்கக்கூடாதவற்றையும் சொல்லிவிடவேண்டும். இப்பெட்டிகளில் நேரலை வகுப்பு சீராக ஓடாது. விண்டோஸுக்கென்றே செய்த சில செயலிகள் இயங்கா. லிப்ரே ஒபிஸ் என்ற இலவசத் தொகுதியிற் கட்டுரை எழுதலாம், கணக்கு அட்டவணை போடலாம், முன்வைப்பு செய்யலாம். ஆயின் மைக்ரோசொப்ற் ஒபிஸில் உள்ள இடத்திலேயே எல்லாப் பொத்தானும் இருக்காது. ஆகவே நல்ல பெட்டிகள் இரண்டொன்றையேனும் விண்டோஸில் வைத்திருத்தல் உசிதம். பிள்ளை இரண்டிலும் கை பழகட்டும்.

இணையம் இல்லாத பாடசாலைக்கு இப்பெட்டிகள் செய்யும் உபகாரம் வேறு. 'கிவிக்ஸ்' என்ற செயலியோடு தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கி வைத்தால், இணைப்பே இல்லாமற் பிள்ளைகள் அதனைப் புரட்டலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்திலிருந்து தெரிவு செய்த நூல்களை நிரப்பிவைத்தால், 1 ஜிகாபைற் கிழப்பெட்டியும் ஒரு வாசிகசாலையாகும். சிறுவர்க்கு 'ஜிகொம்பிரி', 'ரக்ஸ் பெயின்ற்' போன்ற விளையாட்டும் வரைதலும் உண்டு. முல்லைத்தீவின் உட்கிராமத்திற் பிறந்த காரணத்தால் ஒரு பிள்ளை பதினாறு வயதுவரை சுட்டியைத் தொடாமலே பரீட்சையில் அதன் படத்தை வரைந்து பெயரிடுவது நீதியாகாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னர் இவ்வேலையை முடித்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் நிலத்தின் ஈரம் பெட்டிக்கு ஆகாது. செங்கல் இரண்டை அடுக்கியேனும் உயர்த்தி வைக்கவேண்டும். இடி முழங்கினால் மின்செருகியை மட்டுமன்றி வலையமைப்புக் கம்பியையும் கழற்றிவிடவேண்டும். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் நினைவகத்தின் அளவு, ஏற்றிய முகப்பு, ஏற்றிய திகதி என்பவற்றை எழுதி ஒட்டுங்கள். நிருவாகக் கடவுச்சொல்லை மட்டும் பெட்டியில் ஒட்டாமல் அதிபரின் அலுமாரியிலுள்ள பதிவேட்டில் எழுதி வையுங்கள். வன்னியில் ஆசிரியர் இடமாற்றம் அடிக்கடி நிகழ்வது. கடவுச்சொல்லும் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டால், மறுபடி அறை பூட்டிக் கிடக்கும்.